தேன்கனிக்கோட்டைக்கு அடியில்

1984 மார்ச் 20 அன்று தமிழ்நாடு–கர்நாடக எல்லையில், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தது. தென்னிந்திய நிலநடுக்கப் பட்டியல்களில் அதற்கு ஒரு வரி இடம் கிடைத்திருக்கிறது: தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, அளவு சுமார் 4.6. ஜப்பானில் இதே அளவு அதிர்வு வந்திருந்தால் அன்று மாலைக்குள் மறந்திருப்பார்கள். பக்கத்து ஓசூரிலும் மறந்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை ஏன் மறக்கக்கூடாது என்று சொல்வதற்கே இந்த அத்தியாயம்.

அந்த நாளின் ஓசூர் எப்படி இருந்தது? அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் உற்பத்தி தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. டைட்டன் கடிகார ஆலை வரவில்லை. கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டம் கிடையாது. அது 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஊர் என்பது பெரும்பாலும் ஓட்டு வீடுகள், மண்சுவர்கள், சிப்காட்டில் ஒற்றைத் தளத்தில் பரந்து கிடந்த தகரக் கொட்டகைகள். இன்று ஓசூர் ஒரு மாநகராட்சி. ஜூஜுவாடி, பேகேப்பள்ளி, மூக்கண்டப்பள்ளிப் பக்கம் போனால், முப்பதுக்கு நாற்பது மனையில் நான்கு தளம் எழுப்பி, கீழ்த்தளத்தைப் பைக் நிறுத்தத் திறந்துவிட்டு, மேலே அறைக்கு நான்கு பேர், ஆறு பேர் என்று வேலைக்கு வந்த இளைஞர்களும் பெண்களும் தங்கியிருக்கிறார்கள். 1984-இல் வந்த அதே அதிர்வு அதே இடத்தில் மறுபடி வந்தால், அது சந்திக்கப்போவது இந்த ஊரை.

“பூகம்பம் எல்லாம் நம்ம பக்கம் வராது, இது கெட்டிப் பாறை” என்று இங்கே வீடு கட்டும் யாரும் சொல்வார்கள். அந்தப் பேச்சில் உண்மை உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையது. உலகெங்கிலும் உள்ள நிலவியல் மாணவர்கள் இந்த இரண்டு ஊர்களின் பெயர்களைப் பாடமாகவே படிக்கிறார்கள். காரணம், ஓசூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே தருமபுரி நோக்கிப் போகப் போக, ஒருகாலத்தில் பூமிக்குள் மேலும் மேலும் ஆழத்தில் இருந்த பாறைகள் தரைக்கு மேல் தெரிகின்றன. கண்டத்தின் அடிப்பகுதியை, துளை போடாமல், பேருந்தில் போய்க்கொண்டே பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் குறைவு. பர்கூரிலிருந்து மெருகேற்றிய பலகைகளாகக் கப்பலேறும் கிரானைட்டும் இந்தப் பழம்பாறைக் குடும்பம்தான்.

பாறை பழையது என்பதால் அது ஓய்ந்துவிட்டது என்று ஆகாது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. முட்டும் இடம் இமயம். அந்த அழுத்தத்தின் ஒரு பங்கு தக்காணம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 250 கோடி ஆண்டுகளில் இந்தப் பாறை பலமுறை உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்திருக்கிறது. அந்தப் பழைய வெடிப்புகளில் ஏதாவது ஒன்று, அழுத்தத்துக்கு வாகான திசையில் கிடந்தால், என்றாவது ஒருநாள் சற்றே வழுக்குகிறது. இமயத்தில் சில நூற்றாண்டுகளில் சேரும் அழுத்தம் இங்கே சேரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அதனால்தான் இங்கே நிலநடுக்கம் அரிது. அதே காரணத்தால்தான், எங்கே வரும் என்று சொல்வதும் கடினம்.

நம் கையில் இருக்கும் பதிவு எவ்வளவு குட்டையானது என்பதை இங்கே யோசிக்க வேண்டும். இந்தியாவின் பழைய நிலநடுக்கங்களைத் தொகுத்த முதல் பெரிய பட்டியல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஓல்டாம் திரட்டி, அவர் மறைந்தபின் மகன் ரிச்சர்ட் ஓல்டாம் 1883-இல் வெளியிட்டது. அதில் தென்னிந்தியாவைப் பற்றி இருப்பவை பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் பாதிரிகளும் எழுதிவைத்த குறிப்புகள். கோட்டையும் கச்சேரியும் இல்லாத ஊரில் நிலம் அதிர்ந்திருந்தால் எழுதிவைக்க ஆள் இல்லை. கருவிப் பதிவு அதற்கும் பிந்தியது. கொடைக்கானலில் மில்னே வகை நிலநடுக்கமானி நிறுவப்பட்டது 1899-இல். அடுத்த ஆண்டே, 1900 பிப்ரவரி 8 அன்று அதிகாலையில், கோயம்புத்தூர்–பாலக்காட்டுப் பகுதியில் சுமார் 6 அளவு நிலநடுக்கம் வந்து தென்னிந்தியாவின் பெரும்பகுதியை எழுப்பியது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஒன்றை இருநூறு ஆண்டுக் குறிப்பேட்டில் தேடுகிறோம். ஏட்டில் இல்லை என்பதை வைத்து இங்கே வராது என்று முடிவுகட்ட முடியாது.

இதை நாடு கற்றுக்கொண்ட இடம் மகாராஷ்டிரத்தின் கில்லாரி. லாத்தூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊர், அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. ஓசூரைப் போலவே அதுவும் தீபகற்பத்தின் பழம்பாறைமேல்தான் நிற்கிறது. அங்கே அந்தப் பாறையை எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை மூடியிருக்கிறது. 1992 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அங்கே சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்தன, பிறகு அடங்கின. 1993 செப்டம்பர் 30, அதிகாலை 3.56. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு ஊர் தூங்கப்போயிருந்த நேரம். 6.2 அளவில் நிலம் குலுங்கியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள்.

கில்லாரியில் கொன்றது எது என்று பின்னால் போய்ப் பார்த்த பொறியாளர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இரண்டடிக்கும் மேற்பட்ட தடிமனில் கருங்கல் சுவர்கள். கற்களுக்கு இடையே வெறும் மண். சுவரின் வெளிமுகமும் உள்முகமும் தனித்தனியாக அடுக்கப்பட்டு, நடுவே சல்லிக்கல் நிரப்பப்பட்டிருந்தது. கூரையில் மரப்பலகைமேல் மண். மழை ஒழுகாமலிருக்க அதன்மேல் மேலும் மேலும் போட்ட மண். நிலம் பக்கவாட்டில் உலுக்கியதும் சுவரின் இரண்டு முகங்களும் பிரிந்து சரிந்தன. பல வீடுகளில் கூரையைத் தாங்கிய மரத்தூண்கள் நின்றபடியே நின்றன, சுவர்கள் மட்டும் உள்ளே விழுந்து தூங்கியவர்களை மூடின. சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே நான்கடிக்கு ஒன்று வீதம் நீளக்கல் வைத்திருந்தால், வாசல் உயரத்துக்கு மேலே சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட் ஓடியிருந்தால், அவர்களில் எத்தனையோ பேர் உயிரோடு வெளியே வந்திருப்பார்கள். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் கில்லாரியின் சுவர்கள்தான் என் மனத்தில் வருகின்றன. ஓசூரின் மாடிக் கட்டடங்களைப் பற்றி நிறையச் சொல்லப்போகிறேன். ஆனால் இரவில் நிலம் அசைந்தால் முதலில் போகக்கூடியவை இந்த வீடுகள்தான்.

கில்லாரியோடு தேன்கனிக்கோட்டையை நேராக ஒப்பிடக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்காகிறது. 6.2-க்கும் 4.6-க்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 250 மடங்கு. கிருஷ்ணகிரியில் 6 வரும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டி.ஜி. சீதாராமும் பி. அன்பழகனும் பெங்களூரு வட்டாரத்துக்குச் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுவட்டாரம் 350 கிலோமீட்டருக்குள் உள்ள பிளவுகளையும் பழைய அதிர்வுகளையும் வரிசைப்படுத்தினார்கள். நகருக்கு மிக முக்கியமானது மாண்டியா–சென்னபட்டணா–பெங்களூரு கோட்டுப்பிளவு என்றும், அதில் எதிர்பார்க்கத்தக்க பெரிய நிலநடுக்கம் 5.1 என்றும் கணித்தார்கள். 4.6-ஐவிட ஐந்தாறு மடங்கு ஆற்றல். நன்றாகக் கட்டிய கட்டடம் இதைத் தாங்கும். நன்றாகக் கட்டாதது எத்தனை என்பதே இந்தத் தொழில்நகரங்களின் கேள்வி.

இந்தப் பாறை எப்படி நடந்துகொள்ளும் என்பதை எல்லைக்கு அப்பால் தம் உடம்பால் அறிந்த தமிழர்கள் இருந்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் ஐம்பது கிலோமீட்டர் வடக்கே கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும், அப்போது கிருஷ்ணகிரியை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் போனவர்கள் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். அந்த ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் கனம் மட்டுமே காற்றழுத்தத்தைப்போல் எண்ணூறு மடங்கு. அந்தக் கனத்தைத் தாங்கி நிற்கும் பாறைக்குள் சுரங்கம் வெட்டினால், சுற்றியுள்ள பாறை சுமக்கும் பாரம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அது சத்தத்தோடு வெடித்துச் சிதறுகிறது. பாறை வெடிப்பு என்று அழைக்கப்படும் இது, மனிதன் தூண்டிய சின்ன நிலநடுக்கமே. பெரிய வெடிப்புகள் தரைமேல் இருந்த வீடுகளையும் உலுக்கின. பலர் உயிரிழந்தார்கள். இதை ஆராயவே 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கத்தில் நீர் ஏறியபோதும் அதிர்வுகள் பதிவாயின. கெட்டிப் பாறை என்றால் அசையாது என்று தங்கவயலில் இறங்கிய யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

கெட்டிப் பாறைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது அதிர்வை விழுங்காது, கடத்திவிடும். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1965-இல் இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையம் பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத்தின் உதவியோடு நிலநடுக்கமானிகளை இரண்டு நீண்ட வரிசைகளில் பரப்பி வைத்தது. உலகின் எந்த மூலையிலாவது அணுகுண்டு வெடித்தால் கேட்பதற்கு. ஆழமான மண்ணோ கடலலையோ இல்லாத, அமைதியான பழம்பாறை என்பதே அந்த இடத்தின் சிறப்பு. அணுகுண்டைக் கேட்க உதவிய இதே குணத்தால், இங்கே சிறிய நிலநடுக்கமும் வெகுதூரம் உணரப்படும். ஆழம் குறைந்த சின்ன அதிர்வுகள் காதில் சத்தமாகவே விழும். கேட்பவர்களுக்கு முதலில் தோன்றுவது கல்குவாரி வெடி.

இந்தக் குழப்பம் இருபக்கமும் நடக்கிறது. 2020 மே 20 அன்று பெங்களூரில் பெரும் சத்தம் கேட்டு நகரமே நிலநடுக்கம் என்று பேசியது. கர்நாடக இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தன் கருவிகளைப் பார்த்து, நிலநடுக்கம் இல்லை என்றது. விமானப்படையின் சோதனை விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தது என்று பிறகு தெரிந்தது. மறுபக்கம், 2021 நவம்பர், டிசம்பரில் பெருமழைக்குப் பிறகு வேலூர் மாவட்டம் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளிலும் கர்நாடகத்தின் சிக்கபள்ளாபூரிலும் உண்மையிலேயே நிலம் அதிர்ந்தது. 3-ஐ ஒட்டிய அளவுகள். மழைநீர் வெடிப்புகளுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் நீரழுத்தத்தைக் கூட்டினால் வழுக்கல் எளிதாகிறது என்பது நிலநடுக்கவியலில் தெரிந்த செய்தி. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை நிரம்பியபின் 1967 டிசம்பர் 11 அன்று வந்த பெரிய நிலநடுக்கம் அதன் மிகப் பெரிய பாடம்.

வெடியா, அதிர்வா என்பதைக் கருவி எளிதில் பிரித்துவிடும். குவாரி வெடி எல்லாத் திசையிலும் நிலத்தை வெளியே தள்ளும். பிளவு வழுக்கும்போது சில திசைகளில் தள்ளும், சிலவற்றில் இழுக்கும், பின்னால் வரும் குறுக்கலை வலுவாக இருக்கும். ஆனால் அதற்குக் கருவி அருகில் இருக்க வேண்டும். இத்தனை குவாரிகளும் இத்தனை ஆலைகளும் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கல்லூரி வளாகங்களிலும் அணைக்கரைகளிலும் சில மானிகள் வைப்பது ஆடம்பரம் அல்ல. இருநூறு ஆண்டுக் குட்டைப் பதிவை நீட்டிக்க வேறு வழி கிடையாது. சிறிய அதிர்வுகளைச் சேர்த்து எழுதினால்தான் எந்தப் பிளவு உயிரோடிருக்கிறது என்று தெரியவரும்.

இனி வரைபடத்துக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 1893 என்ற விதிநூல் 1962-இல் முதலில் வந்தது. கொய்னா அதைத் திருத்தவைத்தது, கில்லாரியும் திருத்தவைத்தது. 2002-இல் வந்த பதிப்பு முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டது. ஆபத்தே இல்லாத நிலம் என்று நாட்டில் எதையும் அது விட்டுவைக்கவில்லை. சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. அதன் ஊர்ப் பட்டியலில் பெங்களூரு இரண்டாம் மண்டலம். தருமபுரியும் சேலமும் மூன்றாம் மண்டலம். கட்டடம் தாங்க வேண்டிய உலுக்கலைக் கணக்கிடும் மண்டலக் காரணி, இரண்டாம் மண்டலத்துக்கு 0.10, மூன்றாம் மண்டலத்துக்கு 0.16. ஓசூர் இந்த இரண்டு மண்டலங்களுக்கும் நடுவே நிற்கிறது. அவ்வளவு சிறிய வரைபடத்தில் மண்டலக் கோட்டின் தடிமனே தரையில் சில கிலோமீட்டர் வரும். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் ஒரு கணக்கும் சிப்காட்டில் வேறு கணக்கும் போட்டுக் கம்பியை மிச்சம்பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓசூரில் கட்டும் எதையும் மூன்று என்று எடுத்துக்கொண்டு கட்ட வேண்டும்.

மண்டலம் எதுவானாலும், அதிர்வை நிர்ணயிப்பதில் காலடி மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தை நொறுக்கிய நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் கடற்கரையில் இருந்தது. நகரம் பழைய ஏரிப்படுகையின் சேற்றில் எழுந்திருந்ததால் அதிர்வு பலமடங்கு பெருகியது. தட்டில் வைத்த அல்வாவைத் தட்டிப் பாருங்கள், தட்டைவிட அல்வா அதிகம் ஆடும். பெங்களூரில் ஏரிகளைத் தூர்த்துக் கட்டிய பகுதிகளில் அதிர்வு பெருகும் என்று மண்டல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓசூரிலும் ராமநாயக்கன் ஏரி, சந்திராம்பிகை ஏரி போன்றவை போக, ஓடை புறம்போக்குகளிலும் மண்கொட்டிய பள்ளங்களிலும் மனைகள் விற்கப்படுகின்றன. பாறைமேல் இருக்கிறோம் என்று நினைக்கும் குடும்பம் இருபதடி நிரப்பு மண்ணின்மேல் இருக்கலாம். மனை வாங்கும்போது பட்டா, வில்லங்கம் பார்க்கிறோம். போர்வெல் போட்டவரிடம் எத்தனை அடியில் பாறை தட்டியது என்றும் கேட்கலாம்.

முன்னெச்சரிக்கை மணி அடித்துக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஜப்பானிலும் மெக்சிகோவிலும் அது உதவுவது, மையம் தொலைவில் இருக்கும்போது. தேன்கனிக்கோட்டைக்கு அடியில் பிளவு வழுக்கினால், ஓசூருக்கு முதல் அலை மூன்று, நான்கு விநாடியில் வரும். உலுக்கும் குறுக்கலை அதற்கு மூன்று விநாடி பின்னால். படுக்கையை விட்டு எழவும் நேரம் போதாது. அதனால் எல்லா ஆயத்தமும் முன்பே கட்டடத்துக்குள் இருந்தாக வேண்டும்.

கான்கிரீட் வீட்டில் அந்த ஆயத்தம் பெரும்பாலும் கம்பி கட்டுபவரின் கையில் இருக்கிறது. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளைக் கவனியுங்கள். நம் ஊரில் ரிங்கின் முனையை 90 டிகிரி மடித்து விட்டுவிடுவது வழக்கம். உலுக்கலில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த மடிப்பு திறந்துகொள்ளும், நெடுங்கம்பி வளையும், தூண் உட்காரும். ஐஎஸ் 13920 விதிநூல் கேட்பது 135 டிகிரி மடிப்பு, முனை தூணின் உட்கருவுக்குள் நுழைந்திருக்க வேண்டும். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகள் நெருக்கமாக, நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல். கூடுதல் செலவு சொற்பம், கூடுதல் வேலை கொஞ்சம். ஆனால் கான்கிரீட் போட்டபின் யாராலும் பார்க்க முடியாது. சென்ட்ரிங் மூடுவதற்கு முந்தைய நாள்தான், வீட்டுக்காரர் தானே போய்ப் பார்க்க வேண்டிய நாள்.

அடுத்தது திறந்த கீழ்த்தளம். மேலே மூன்று தளங்களிலும் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கட்டடத்தை விறைப்பாக்குகின்றன. கீழே தூண்கள் மட்டும். உலுக்கல் முழுவதும் அந்தத் தூண்களில் வந்து குவிகிறது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்ககங்கள் விழுந்தன. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் கீழ்த்தளத்தில் சில இடைவெளிகளைக் கான்கிரீட் சுவரால் அடைத்தும், தூண்களுக்கு மேலுறை போட்டும் வலுவூட்டலாம். தொழிலாளர் விடுதிகளை வாடகைக்கு எடுக்கும் பெரிய ஆலைகள், கழிப்பறையும் குடிநீரும் பார்ப்பதோடு கட்டமைப்புப் பொறியாளரின் சான்றையும் கேட்டால், ஓசூரின் விடுதிகள் ஐந்தாண்டுகளில் மாறிவிடும். அந்தப் பேரம்பேசும் பலம் ஆலைகளுக்கு மட்டுமே இருக்கிறது.

ஆலைக் கொட்டகைகளைப் பற்றி அதிகக் கவலை வேண்டாம். இரும்புச் சட்டமும் தகடும் எடை குறைந்தவை, வளைந்து கொடுக்கும். உள்ளே இருப்பவைதான் ஆபத்து: தரையோடு போல்ட் போடாத உயர ரேக்குகள், சங்கிலியால் கட்டாத கேஸ் சிலிண்டர்கள், தாங்கல் இல்லாமல் எழுப்பிய ஹாலோ பிளாக் தடுப்புச் சுவர்கள், எளிதில் முறியும் வாயுக்குழாய் இணைப்புகள். இவற்றைச் சரிசெய்யப் பொறியாளர்கூட வேண்டாம், பராமரிப்புப் பிரிவு ஒரு வாரத்தில் முடித்துவிடும்.

அப்படியும் கட்டடங்கள் விழுந்தால்? அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் ஓசூருக்கு வரச் சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரில் உள்ள படை அருகில் இருந்தாலும், அதே அதிர்வு ஆனேக்கல்லையும் எலக்ட்ரானிக் சிட்டியையும் உலுக்கியிருக்கும். அவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். முதல் நான்கைந்து மணி நேரம் ஓசூர் தன்னந்தனி. இடிபாட்டில் சிக்கியவர்களில் பெரும்பாலானோரை உயிரோடு மீட்பது அந்த மணிகளில், அக்கம்பக்கத்தார்தான்.

ஆனால் அவர்களுக்குத் தேவையானது எல்லாம் இந்த ஊரில் இருக்கிறது. கான்கிரீட் பலகையைத் தூக்க ஹைட்ராலிக் ஜாக், கம்பியை அறுக்க கேஸ் கட்டர், மொபைல் கிரேன், ஃபோர்க்லிஃப்ட், ஜெனரேட்டர், ஆலை ஆம்புலன்ஸ், பயிற்சி பெற்ற தீயணைப்பு அணி. தென்னிந்தியாவில் இத்தனை மீட்புக் கருவிகள் இவ்வளவு நெருக்கமாகக் கிடக்கும் ஊர்கள் மிகக் குறைவு. ஆபத்தான பொருட்களைக் கையாளும் ஆலைகள் சட்டப்படி தங்கள் வளாகத்துக்குள் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும். அந்தத் திட்டம் வளாகச் சுவரோடு நின்றுவிடாமல், எந்த ஆலையில் எந்தக் கருவி, இரவில் சாவி யாரிடம், ஓட்டுநர் யார், எந்தத் தெரு அவர்கள் பொறுப்பு என்ற பட்டியலாக மாறி, சார் ஆட்சியர் அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் அத்திப்பள்ளிக் காவல் நிலையத்திலும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 20 அன்றே வைத்துக்கொள்ளலாம், இரவு ஷிப்டில் அந்தப் பட்டியலில் உள்ள எண்களை ஒன்றுவிடாமல் அழைத்துப் பார்க்க வேண்டும்.